நாம் வைக்காத அடகு

2022-ஆம் வருடம் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. அதற்கு ஒன்பது நாள் முன்னால், 15-ஆம் தேதி சனிக்கிழமை காலை, நான் காபி குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்த நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து போன். "மாமா, கொஞ்சம் கம்பெனி வரைக்கும் வர்றீங்களா? கம்ப்யூட்டர்ல என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் காசு கேக்குதுங்க."

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பெருமாநல்லூரில் குன்னத்தூர் ரோட்டுப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக் எல்லாம் சேர்த்து 26 மெஷின். கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்களோடு 40 பேர். திருப்பூர் எக்ஸ்போர்ட்காரர்கள் துணியைக் கொடுப்பார்கள். இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். என் மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போன இடத்தில் பிடித்த மாப்பிள்ளை. என் மனைவி போன பிறகு புதுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு நானும் இங்கே வந்துவிட்டேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நோட் எழுதி, தமிழில் திட்டு வாங்கி, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவனுக்குக் கொங்கு நாட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அந்தச் சனிக்கிழமைதான் பதில்.

போய்ப் பார்த்தேன். திரையில் எல்லாக் கோப்புகளும் அப்படியேதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. சம்பளக் கணக்கு, ஆட்கள் வாங்கிய அட்வான்ஸ், பீஸ் கணக்கு, டெலிவரி சலான், ஆதார் நகல்கள் என்று எல்லாவற்றுக்கும் வால். பக்கத்தில் ஒரு கடிதம். கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம் என்று ரொம்ப மரியாதையாகத்தான் ஆரம்பித்தது. விலை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி தள்ளுபடி, 490 டாலர். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கோப்பை அனுப்புங்கள், இலவசமாகத் திறந்து காட்டுகிறோம்.

தீபாவளித் தள்ளுபடியை ஜவுளிக்கடைக்காரர் மட்டும்தான் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன்.

எப்படி வந்தது என்பதை அன்று மத்தியானமே கண்டுபிடித்தோம். கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் எம்ப்ராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றைக் காசு கொடுக்காமல் 'கிராக்' பண்ணி இறக்கியிருக்கிறான். அதன் வயிற்றுக்குள் இது உட்கார்ந்து வந்திருக்கிறது. அந்த நாட்களில் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் இந்த வகை இப்படித்தான் நுழைந்தது. "பேக்கப் இல்லையா?" என்று கேட்டேன். இருந்தது. தனி ஹார்டு டிஸ்க், இரண்டாயிரம் சொச்சம் ரூபாய்க்கு வாங்கியது. ஆனால் அதை எப்போதும் அதே கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருந்தார்கள். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டின கதை. அதிலும் வால்.

இதற்கு ஆங்கிலத்தில் ரான்சம்வேர் என்கிறார்கள். பிரெஞ்சில் 'ரான்சோன்ஜிசியேல்'. ரான்சோன் என்றால் பிடித்து வைத்த ஆளை விடுவிக்கக் கொடுக்கும் பணம். அந்தச் சொல்லை எனக்குச் சரித்திர வாத்தியார் ஏழாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார். 1356-இல் புவாத்தியே என்ற இடத்தில் நடந்த சண்டையில் பிரெஞ்சு ராஜா ழானை ஆங்கிலேயர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். விலை முப்பது லட்சம் பொற்காசு. 1360-இல் ராஜா விடுதலையானபோது அடித்த நாணயத்துக்குத்தான் 'பிராங்க்' என்று பெயர் வந்தது. முழுப் பணத்தையும் கட்ட முடியாமல், பிணையாக இருந்த தன் மகனும் ஓடிப்போனதால், ராஜா தானே திரும்ப லண்டன் போய் 1364-இல் அங்கேயே செத்துப் போனார். பணயப் பணம் கொடுத்தாலும் காரியம் முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "மாமா, சனிக்கிழமைங்க, சம்பளம் போடோணுங்க" என்றார். நியாயம்தான்.

எனக்கு நம் ஊர்ச் சொல்தான் பொருத்தமாகப் பட்டது. இது அடகு. ஆனால் நாம் வைக்காத அடகு. நம் பொருளை, நம் வீட்டிலேயே வைத்து, நம்மிடமே அடகுச் சீட்டை நீட்டுகிறான்.

மாப்பிள்ளை பணத்தைக் கட்டிவிடலாம் என்றார். 490 டாலர் அன்றைய கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய். கட்டினாலும் திறப்பான் என்பதற்கு என்ன அத்தாட்சி? இதில் திருடனின் நாணயத்தை நம்பித்தான் வியாபாரமே நடக்கிறது. அதோடு நாம் கட்டும் ஒவ்வொரு டாலரும் அடுத்த ஷெட்டுக்குப் போடும் விதை. மகளும் என் பக்கம் நின்றாள். அரசாங்கத்தின் சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்துவிட்டு, கடைவீதியில் போய் நான்கு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வந்தேன்.

அதன்பின் ஐந்து நாள் நான் மறுபடி குமாஸ்தா. வாட்ச்மேன் கையால் எழுதும் கேட் நோட்டு இருந்தது. அதில் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று இருக்கும். அதை வைத்து ஷிப்ட் போட்டேன். கட்டிங் மாஸ்டர் எழுதிய பண்டில் சீட்டுகள் ஒரு கோணிப்பையில் கிடந்தன. செக்கிங் பெண்கள் தங்கள் பைக்குள் சின்ன நோட்டு வைத்திருந்தார்கள், எத்தனை பீஸ் பார்த்தோம் என்று. கம்ப்யூட்டரை நம்பாதவர்கள் என்று ஓனர் கேலி செய்த அதே பெண்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சம்பளத்தை ஒருவாறு கட்டிவிட்டோம். தீபாவளி போனஸும் அதை வைத்தே கணக்கு.

மாட்டிக்கொண்டது அட்வான்ஸில். யார் எவ்வளவு வாங்கினார், வாராவாரம் எவ்வளவு கழிந்தது என்பது கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. பவர் டேபிளில் தைக்கும் ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும், பத்தாயிரம் வாங்கியிருந்தார். ஆறாயிரம் கழிந்துவிட்டது என்றார். மாப்பிள்ளைக்கு நாலாயிரம் என்று ஞாபகம். நான் முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "சீட்டு ஏதாவது வெச்சிருக்கியாம்மா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. "எல்லாம் உங்க பொட்டியில இருக்குதுன்னு சொன்னீங்களேங்கய்யா. நான் எதுக்குங்க எழுதி வெக்கோணும்?"

எனக்கு அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஏனென்றால் இந்தப் பேச்சை நான் இதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். என் மகளுக்கே இதை இப்போதுதான் சொல்கிறேன்.

1999. நான் அப்போது புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதிய நிலுவைகளைக் கணக்குப் போடும் வேலை. புதிதாக வந்த ஒரே கம்ப்யூட்டரில் 212 பேருக்கான பட்டியலை மூன்று மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். பிரிண்டர் ரிப்பனுக்குக் கேட்டுப் போட்ட கடிதம் மேலே போய்க்கொண்டிருந்ததால் அச்செடுக்கவில்லை. அந்த நேரம் தமிழில் டைப் அடிக்க ஆசைப்பட்டு, என் மகள் படித்த கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து தமிழ் எழுத்து போடும் சின்னப் புரோகிராம் ஒன்றை ஃபிளாப்பியில் கொண்டுவந்து ஆபீஸ் மெஷினில் போட்டேன். அழகாக வேலை செய்தது. ஏப்ரல் 26, திங்கட்கிழமை காலை வந்து சுவிட்சைப் போட்டால் மெஷின் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

அன்று அது என் ஒருவனுக்கு மட்டும் நடக்கவில்லை. சி.ஐ.எச். என்ற வைரஸ். செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதியில் கிளம்பியதால் பத்திரிகைகள் அதைச் 'செர்னோபில் வைரஸ்' என்றன. ஹார்டு டிஸ்கின் ஆரம்பப் பகுதியைத் துடைத்துவிட்டு, சில மெஷின்களில் அது கண் விழிப்பதற்கு வேண்டிய பயாஸ் சில்லையும் அழித்துவிடும். ஆசியா முழுக்க, முக்கியமாகத் தென்கொரியாவிலும் துருக்கியிலும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் படுத்துவிட்டன. எழுதியவர் தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர், சி.ஐ.எச். என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். வைரஸ் தடுப்புக் கம்பெனிகள் அடிக்கும் ஜம்பத்தை உடைத்துக் காட்டத்தான் எழுதினேன் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆரம்பத்தில் அங்கே புகார் கொடுக்க யாருமில்லாததால் வழக்கும் இல்லை.

ரிப்பேருக்கு வந்தவர் என் ஃபிளாப்பியை வேறு மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: "சார், இதுலதான் இருக்கு." அவரும் வெளியே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று கோப்பில் எழுதினேன்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பியூனின் மனைவி திங்கட்கிழமைதோறும் வருவார். "பட்டியல் ரெடியாய்யா?" "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மா." "மூணு மாசம் முன்னால எல்லாம் ஏத்தியாச்சுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க? அதுக்குள்ள இருக்கும்னுதானே இருந்தேன்." பழைய பதிவேடுகளை எடுத்து, மற்ற வேலைகளுக்கு நடுவே திரும்பக் கணக்குப் போட ஏழு மாதம் ஆயிற்று. பணம் கைக்கு வந்த அன்று அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. "தோட்டை மீட்டுடலாம்னு இருந்தேன்யா. வட்டி ஏறி மூழ்கிப் போச்சு." யாரையும் குறை சொல்லாமல், மழை பெய்யவில்லை என்று சொல்வதைப்போல் சொன்னார்.

தைவானில் இருந்த மாணவருக்குப் பாகூர் தெரியாது. அந்தத் தோடு தெரியாது. அவர் அடித்தது வைரஸ் தடுப்புக் கம்பெனிகளை. பட்டது இந்த அம்மாவுக்கு. நடுவில் நான்.

வைரஸ் எழுதியவர்களைப் பற்றி அதன்பின் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சலில் வந்து உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டியதே, அதை எழுதிய ஓனல் டி குஸ்மான் மணிலாவில் ஒரு கல்லூரி மாணவர். இன்டர்நெட்டுக்குக் கட்டக் காசில்லாமல் அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடத்தான் எழுதினேன் என்று இருபது வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். அப்போது பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டமே இல்லை, வழக்கைக் கைவிட்டார்கள். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே 2000 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. வைரஸைப் புகுத்திச் சேதம் செய்தால் அதன்படி மூன்று வருடம்வரை ஜெயில், ஐந்து லட்சம்வரை அபராதம். ஆளைப் பிடித்தால்.

பிறகு மாணவர்கள் போய் வியாபாரிகள் வந்தார்கள். வியாபாரிகளுக்குப் பின்னால் ராணுவங்களே வந்துவிட்டன. 2017 ஜூன் 27-இல் 'நாட்பெட்யா' என்று ஒன்று உக்ரைனைக் குறிவைத்துக் கிளம்பியது. பணம் கேட்கும், ஆனால் கொடுத்தாலும் திறக்காது, அழிப்பதற்கென்றே செய்தது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் ஆறு அதிகாரிகள்மேல் 2020-இல் அமெரிக்கா குற்றப்பத்திரிகை போட்டது. உக்ரைன் சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்த வைரஸ் மெர்ஸ்க் கப்பல் கம்பெனிக்குள் புகுந்ததில் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினலே நின்று போயிற்று. கப்பல் நின்றால் கண்டெய்னர் நிற்கும். கண்டெய்னர் நின்றால் பில் நிற்கும். பில் நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். இதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனி 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவியதாக அதன் தலைவர் பின்னால் சொன்னார். அதில் ஒரு வேடிக்கை. அவர்களுடைய வலைப்பின்னலின் அடிப்படைப் பதிவு உலகம் முழுக்க அழிந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் கானாவில் ஒரே ஒரு மெஷினில் மட்டும் பிழைத்திருந்தது. காரணம், வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! அதை அங்கிருந்து கையில் எடுத்துக்கொண்டு லண்டன் பக்கம் போய்த்தான் கம்பெனியை எழுப்பினார்கள். மின்வெட்டை நான் திட்டாமல் விட்டது அன்றிலிருந்துதான்.

எங்கள் கதை நடந்து ஒரு மாதம் கழித்து, 2022 நவம்பர் 23-இல், டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் ஐந்து சர்வர்களை இதே மாதிரி பூட்டிவிட்டார்கள். சுமார் இரண்டு வாரம் ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுதினார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்து, வாசலில் துணி விரித்துப் படுத்து, முறைக்குக் காத்திருக்கும் ஜனங்களின் ஆஸ்பத்திரி அது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வரிசைதான் கண்ணில் பட்டது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒருவர் 'சிஸ்டம் இல்லை' என்று சொல்வதும் காதில் விழுந்தது.

இவர்களெல்லாம் கொடூரர்களா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணில் படாதவரை யாருக்கும் யாரும் ஆளில்லை, அவ்வளவுதான். அவர்களுக்குக் கோப்புதான் தெரிகிறது. எனக்கும் முப்பத்தைந்து வருடம் அதுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே அந்தத் தோடில்லாத காதைப் பார்த்த அன்றுதான். குமாஸ்தாவையும் வைரஸ் எழுதியவனையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் தப்பு என் ஃபிளாப்பியில் இருந்ததைச் சொல்லாமல் 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று எழுதியவனுக்கு, அவனைத் திட்டும்போது குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

பெருமாநல்லூருக்கு வருகிறேன். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "அட்வான்ஸில் அவரவர் சொல்வதையே எழுதிவிடுவோம்" என்றேன். யோசித்தார். "கூட்டிச் சொன்னா?" "சொல்லட்டும்." எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன். நம் ஞாபகத்துக்கும் அவர்கள் சொன்னதற்கும் மொத்த வித்தியாசம் 14,300 ரூபாய். திருடன் கேட்டது நாற்பதாயிரம். ஒன்றிரண்டு பேர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளைக்கே ஞாபகம் பிசகியிருக்கலாம். இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை. 22-ஆம் தேதி சனிக்கிழமை எல்லாருக்கும் போனஸும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் போயிற்று. அந்த அம்மா கவரை எண்ணிப் பார்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒருவனைத் தவிர எல்லாருக்கும்.

பீகார்ப் பையன், பத்தொன்பது இருபது வயது. பேக்கிங்கில் ஹெல்ப்பராகச் சேர்ந்து இரண்டு வாரம்தான். புரோக்கர் யாரும் இல்லாமல் தனியாக வந்தவன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறிவிட்டான். சம்பளத்தை பேங்கில் போட்டுவிடுங்கள் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனான். அவன் பாஸ்புக், ஆதார் இரண்டையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். போன் நம்பரும் அந்தத் தாளில்தான். மறுநாள் காலை எல்லாவற்றுக்கும் வால். கேட் நோட்டில் பெயரும் ஷிப்டும் மட்டும் இருந்தன. 16 ஷிப்ட், 380 வீதம், 6,080 ரூபாய். உடன் வேலை செய்த மற்ற வடக்கத்திப் பையன்களைக் கேட்டால், அவன் வேறு ஜில்லா, தெரியாது என்கிறார்கள். அவனும் கூப்பிடவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து விட்டிருப்பான். அப்படித்தானே நினைக்கத் தோன்றும்?

இப்போது பேக்கப் டிஸ்கை வாரம் ஒருமுறை செருகி, நகலெடுத்துப் பிடுங்கி, என் மகள் பீரோவில் வைக்கிறாள். டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கியாயிற்று. சம்பளக் கணக்கு மாதா மாதம் அச்சாகி நோட்டில் ஒட்டப்படுகிறது. ஆட்களுக்கும் ஒரு சீட்டு. இதெல்லாம் நீங்களும் செய்யுங்கள், பெரிய வித்தை இல்லை.

பழைய ஹார்டு டிஸ்கைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. சில வகைகளுக்கு வல்லுநர்கள் சாவி கண்டுபிடித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேரனை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இதுவரை நம் சாவி வரவில்லை. அந்த டிஸ்க் ஷெட்டில் மேசை டிராயரில் இருக்கிறது. அதன் மேலேயே 6,080 ரூபாய் வைத்த கவர். அவன் பெயரைக் கேட் நோட்டில் இருந்தபடியே எழுதி வைத்திருக்கிறேன்.